ஐம்பதைத் தாண்டும் முன் ஐந்து வேலை

(பொதட்டூர்பேட்டையில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்கு இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



நம் கூட்டங்களில் எப்போதும் கடன் பேச்சுதான். யாருக்கு எவ்வளவு, தவணை எப்போது, யார் பாக்கி. இன்றைக்குக் கடன் பேச்சை ஒதுக்கி வைப்போம். நமக்கு வயசாவதைப் பற்றிப் பேசுவோம். சிரிக்காதீங்க! குழு ஆரம்பித்தபோது முப்பது வயதில் இருந்த அக்காமார்கள் இன்று ஐம்பதை நெருங்கிவிட்டார்கள். குழுவுக்கும் வயசாகிறது, நமக்கும் வயசாகிறது.

நம்ம ஊர் தறிச் சத்தத்தில் எழுந்து தறிச் சத்தத்தில் தூங்குகிற ஊர். தறி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. பாவு வரவில்லை என்றாலும் கூலி இல்லை, கரண்ட் போனாலும் கூலி இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் அறுந்த இழையைப் பிடித்து முடி போடக் கண் தெரிவதில்லை. அப்போது நம்மிடம் பி.எஃப். இருக்கிறதா, பென்ஷன் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. அதனால் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அரசாங்கத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது வாசல் உண்டு. அந்த வயது தாண்டினால் வாசல் மூடிவிடும்.

* 40 வயது: அடல் பென்ஷனில் சேரக் கடைசி வயது.
* 50 வயது: 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டில் (ஜீவன் ஜோதி) சேரக் கடைசி வயது.
* 55 வயது: அந்தக் காப்பீடு முடிகிற வயது.
* 60 வயது: நல வாரியத்தில் பதிய முடியாமல் போகிற வயது. முதியோர் பென்ஷன் கேட்க முடிகிற வயதும் இதுதான்.
* 70 வயது: 20 ரூபாய் விபத்துக் காப்பீடு (சுரக்ஷா) முடிகிற வயது.

இந்தப் பட்டியலை நன்றாகப் பாருங்கள். 55ல் ஆயுள் காப்பீடு முடிகிறது. பென்ஷன் 60ல்தான் ஆரம்பம். நடுவில் ஐந்து வருஷம் வெறுமையாக இருக்கிறது. உடம்பு தளர்வதும், மகள் பிரசவம், பேரன் காதுகுத்து என்று செலவு கூடுவதும் அந்த ஐந்து வருஷத்தில்தான். அதற்கு இப்போதே தயாராக வேண்டும். அதற்கான ஐந்து வேலைகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை: பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியோ மஞ்சப்பையோ இருக்கும். அதில் பழைய அட்டைகளும் சான்றிதழ்களும் இருக்கும். "எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று பல அக்காமார்கள் சொல்வது அதை நம்பித்தான்.

2000ஆம் ஆண்டு எல்.ஐ.சி. மூலமாக ஜனஸ்ரீ காப்பீடு வந்தது. ஏராளமான குழுக்கள் அதில் சேர்ந்தன. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகைகூட வந்தது. பிறகு அதை ஆம் ஆத்மி காப்பீட்டோடு சேர்த்தார்கள். 2017ல் அதுவும் இப்போதுள்ள ஜீவன் ஜோதி, சுரக்ஷா திட்டங்களுக்குள் போய்விட்டது. நெசவாளர்களுக்கு 2005ல் தனியாக ஒரு மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது. அந்தத் திட்டமும் இப்போது இல்லை. 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டு அட்டைக்குப் பதில் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது.

ஆகவே பெட்டியில் இருக்கிற எல்லா அட்டையும் இன்றைக்குச் செல்லாது. நாளைக்கு ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரி என்று வரும்போது பழைய அட்டையோடு போய் நிற்கக் கூடாது. படித்த பிள்ளை ஒன்றை உட்கார வைத்து, எது உயிரோடு இருக்கிறது, எது முடிந்துபோனது என்று இரண்டாகப் பிரியுங்கள். எல்.ஐ.சி. பாலிசி ஏதாவது பாதியில் நின்றிருந்தால் கிழித்துப் போடாதீர்கள். கட்டாமல் விட்ட முதல் பிரீமியத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால், பாக்கியும் வட்டியும் கட்டிப் புதுப்பிக்கக் கேட்கலாம். பாலிசி நம்பரோடு கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது வேலை: வைகாசியில் 456 ரூபாய்

2015 மே மாதம் இரண்டு காப்பீடுகள் வந்தன. பேங்கில் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும்.

ஒன்று, ஜீவன் ஜோதி. வருஷத்துக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். இன்னொன்று, சுரக்ஷா. வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ முழுவதும் போய்விட்டால் 1 லட்சம். இரண்டு கண், இரண்டு கை அல்லது இரண்டு கால் போனால் 2 லட்சம். விரல் மட்டும் போனால் இதில் கிடைக்காது. தறியில் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். வீட்டுக்காரருக்கும் சேர்த்து 912. மாசத்துக்கு 76 ரூபாய். தினமும் குடிக்கிற டீக்காசைவிடக் குறைவு. அப்படியிருந்தும் ஏன் விட்டுப்போகிறது?

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர், நாற்பத்தேழு வயது, ஜீவன் ஜோதியில் சேர்ந்திருந்தார். மூன்று வருஷம் ஒழுங்காகப் பணம் பிடித்தார்கள். நான்காவது வருஷம் மே கடைசியில் அவர் கணக்கில் இருந்தது 380 ரூபாய். பிடிக்க வேண்டியது 436. பேங்கில் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. ஆடி மாதம் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து பாஸ்புக்கோடு அந்த அக்கா பேங்குக்குப் போனபோது, "இந்த வருஷம் புதுப்பிக்கலைம்மா" என்றார்கள். 56 ரூபாய் குறைவு. 2 லட்சம் போச்சு. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அக்கா இன்று தார் சுற்றப் போகிறார்.

இந்தக் காப்பீட்டு வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். ஆகவே வைகாசி பிறந்ததும், அதாவது மே 20க்குள், ஒவ்வொரு கணக்கிலும் 500 ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு 436, 20 என்று இரண்டும் பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். விட்டுப்போயிருந்தால் உடனே மறுபடி சேரலாம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் விபத்து தவிர வேறு காரணத்தால் இறந்தால் பணம் வராது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவது வேலை: ஆஸ்பத்திரிக்கு அட்டையும் வேணும், உண்டியலும் வேணும்

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்று 2022ல் புதுப்பித்தார்கள். வருஷ வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வைத்துக் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். ரேஷன் கார்டில் இருக்கிறவர்களின் பெயர்தான் அட்டையிலும் ஏறும். மருமகள் பெயர், பேரப்பிள்ளை பெயர் ரேஷன் கார்டில் சேர்க்காமல் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

அட்டை இருந்தால் எல்லாமே இலவசம் என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும்தான். திருத்தணிக்கோ, திருவள்ளூருக்கோ, சென்னை ஜி.ஹெச்.சுக்கோ போய்வரும் செலவு, கூட இருக்கிறவருக்குச் சாப்பாடு, பத்து நாள் தறி நின்ற கூலி ஆகியவற்றை எந்த அட்டையும் தராது. நம் வீடுகளில் கந்துவட்டி நுழைவது அந்த இடத்தில்தான். அதற்குத்தான் உண்டியல். குறைந்தது 5,000 ரூபாய், ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று தனியாக வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு மொய் வைக்க அதைத் தொடக்கூடாது.

சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவதே பெரிய காப்பீடு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்ததே வீட்டிலேயே சோதித்து மாத்திரை கொடுப்பதற்காகத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அவரை நம்பி வாழும் தாய் தகப்பனையும் அதில் சேர்க்கலாம். பி.எஃப். பிடித்தம் உள்ள பிள்ளை வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால், குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடும் உண்டு. பிள்ளையிடம் "சம்பளம் எவ்வளவு வந்துச்சு" என்று மட்டும் கேட்காதீங்க. "இ.எஸ்.ஐ.யில் எங்க பேர் போட்டியா, பி.எஃப்.பில் நாமினி போட்டியா" என்றும் கேளுங்க.

நான்காவது வேலை: 55க்கும் 60க்கும் நடுவில் ஒரு பாலம்

முதலில் நாற்பது தாண்டாதவர்கள். அடல் பென்ஷனில் 60 வயதிலிருந்து மாதம் 1,000 வேண்டும் என்றால், 18 வயதில் சேருபவர் மாதம் 42 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் சேர்ந்தால் 116. 39 வயதில் சேர்ந்தால் 264. தள்ளத் தள்ள ஏறிக்கொண்டே போகும். 5,000 வரை பென்ஷன் தேர்ந்தெடுக்கலாம். நமக்குப் பிறகு அதே பென்ஷன் கணவருக்கோ மனைவிக்கோ வரும். இது மகள்களுக்கும் மருமகள்களுக்கும் முதல் வேலை.

நாற்பது தாண்டியவர்கள் நல வாரியத்தில் பதியுங்கள். விசைத்தறிக்கு ஒரு வாரியம், கைத்தறிக்கு ஒரு வாரியம், தையல், கட்டடம், வீட்டுவேலை எல்லாவற்றுக்கும் வாரியம் உண்டு. பெயர் இருந்தால் 60 வயதில் பென்ஷன் கேட்கலாம். அதற்கு முன் பிள்ளைகளின் படிப்பு உதவி, கண் கண்ணாடி, இறப்பு உதவித்தொகையும் உண்டு. 60 முடிந்தபின் போனால் பதிய மாட்டார்கள். ஏற்கெனவே பதிந்தவர்கள் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

வருவாய்த்துறை தரும் முதியோர் பென்ஷன், ஆதரவற்ற விதவை பென்ஷன் ஆகியவற்றை 2023 ஆகஸ்டில் 1,000லிருந்து 1,200 ஆக்கினார்கள். ஆதார் கார்டில் பிறந்த வருஷம் தப்பாக இருந்தால் அங்கேதான் மாட்டும். இப்போதே திருத்துங்கள்.

சரி, நடுவில் உள்ள ஐந்து வருஷத்துக்கு என்ன செய்வது? ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,000 ரூபாய் கையில் வர வேண்டும் என்றால் 60 மாதத்துக்கு 60,000 வேண்டும். இன்று 43 வயது என்றால் 55 வரை 144 மாதம் இருக்கிறது. மாதம் 417 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். 48 வயது என்றால் 84 மாதம்தான் இருக்கிறது. 715 ரூபாய் வைக்க வேண்டும். வட்டி சேர்ந்தால் இதைவிடக் கொஞ்சம் குறையும். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அதிக வட்டி தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். 2022ல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது வழக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டார்கள், 2,400 கோடிக்கு மேல் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது. மாதம் 25 சதவீதத்துக்கு மேல் வட்டி என்று ஆசை காட்டியதாகத்தான் புகார். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. பேங்கில் போட்டால் வட்டி குறைவுதான். ஆனால் பேங்கே மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. 

ஏஜென்டோ பேங்க்காரரோ ஒரு பாலிசி போடச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வருஷம் எவ்வளவு? எத்தனை வருஷம்? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும்? டெபாசிட் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது பாலிசியாக வந்துவிட்டால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

ஐந்தாவது வேலை: பெயரும் கையெழுத்தும்

ஒவ்வொரு பாஸ்புக், ஒவ்வொரு பாலிசிக்கும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் இருக்கும். அவர் காலமாகியே பத்து வருஷம் ஆகியிருக்கும். அப்புறம் வாரிசுச் சான்று வாங்க தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

கடைசியாக, வீடு. "அம்மா, வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடு, லோன் போட்டு மாடி கட்டறேன்" என்று பிள்ளை கேட்பான். பிள்ளை நல்லவன்தான். ஆனாலும் அவசரப்பட்டுத் தானப் பத்திரம் எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நம் பகுதிக்குத் திருத்தணி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. 14567 முதியோர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*எனக்கு 53 ஆயிடுச்சு. எதுவுமே எடுக்கல. இனிமே ஒண்ணும் இல்லையா?*

ஏன் இல்லை? அடல் பென்ஷன், ஜீவன் ஜோதி வாசல்கள்தான் மூடின. 20 ரூபாய் சுரக்ஷா 70 வரை இருக்கிறது. நல வாரியத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. மருத்துவ அட்டைக்கு வயது வரம்பே இல்லை. ஆர்.டி. நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

*எனக்கு ரெண்டு பேங்கில் 436 பிடிக்கிறாங்க. நாலு லட்சம் வருமா?*

வராது அக்கா. ஒரு ஆளுக்கு ஒரு காப்பீடு, 2 லட்சம்தான். ஒரு பேங்கில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

*பாம்பு கடிச்சு இறந்தா விபத்தில் வருமா?*

வரும். ஆனால் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டிலேயே இறந்து, அடக்கமும் செய்துவிட்டால் எதை வைத்து நிரூபிப்பது? முதலில் உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்திருங்கள். சாலை விபத்து என்றால் போலீஸ் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் வேண்டும். 30 நாளைக்குள் பேங்கில் கிளெய்ம் எழுதிக் கொடுங்கள்.

*வீட்டுக்காரர் எங்கே என்ன வச்சிருக்காருன்னே எனக்குத் தெரியாதே?*

அதைத்தான் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்க வேண்டும். சண்டையாக இல்லை, "எனக்கு ஏதாவது ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று உங்கள் கணக்கை முதலில் காட்டுங்கள். அவர் கணக்கு தானாக வெளியே வரும்.

குழுவின் தீர்மான நோட்டில் எழுத வேண்டியவை

1. உறுப்பினர் ஒவ்வொருவரின் வயது, கணவர் வயது, காப்பீடு உண்டா இல்லையா, நாமினி பெயர் ஆகியவை ஒரே பக்கத்தில் எழுதப்படும்.

2. 48, 49 வயதில் உள்ளவர்களை ஜீவன் ஜோதியில் முதலில் சேர்ப்பது.

3. மே மாதக் கூட்டத்தில் எல்லோரும் பாஸ்புக் கொண்டு வருவது. கணக்கில் 500 இல்லாதவர்களுக்குக் குழு உள்கடனாகக் கொடுப்பது.

4. ஜூன் மாதக் கூட்டத்தில் பணம் பிடித்ததைச் சரிபார்த்து ஊக்குநர் கையெழுத்திடுவது.

மூன்றாவது தீர்மானத்தை மறக்காதீர்கள். அந்த அக்கா வீட்டில் அன்றைக்குக் குறைந்தது 56 ரூபாய். எந்தக் குழுவின் உண்டியலிலும் 56 ரூபாய் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இனி நாம் ஒருவரை ஒருவர் கேட்போம்.